சித்தப்பா காரில் பத்து பவுண்டு காற்று

பதிவு செய்த மோட்டார் வண்டியின் எஞ்சினில் மாற்றம் எதுவும் செய்வதற்கு முன், பதிவு அலுவலகத்தின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். இதுதான் விதி. கேட்ட அனுமதிக்குப் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. விதிப்புத்தகங்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம், கரோல் பாக் வாடகை வீட்டில் அப்படி ஒரு விதியை அப்பாவே இயற்றினார்.

எல்லாம் சித்தப்பாவின் காரால் வந்தது. ஐரோப்பாவில் நம் தூதரகம் ஒன்றில் கணக்கு எழுதிவிட்டுத் திரும்புகிற மற்றவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார்கள். கல்யாணமாகாத சித்தப்பா பழைய கார் ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் டர்போ இருந்தது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி என்று சித்தப்பா விளக்கினார். அது எவ்வளவு தள்ளுகிறது என்று காட்ட ஸ்டியரிங் பக்கத்தில் வட்டமாக ஒரு மீட்டர். நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் ஒன்று வரை புள்ளிகள், கீழே பொடி எழுத்தில் ‘பார்’. சித்தப்பா ஆக்சிலேட்டரை மிதித்தால் முள் வலப்பக்கம் ஏறும். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். தெருவில் அம்பாசடரும் ஸ்கூட்டரும் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த முள் ஏறும் கணத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் எண்ணெய் மாற்றப் போன பட்டறையில் மிஸ்திரி பானெட்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இதற்கு உதிரிபாகம் இந்த ஊரில் கிடையாது, கெட்டுப்போனால் எஞ்சினையும் சேர்த்துக் கெடுக்கும், கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டுவிடலாம் என்றார். “நிகால் தோ, பாபுஜி”, எடுத்துப் போடுங்கள் ஐயா, என்று அவர் சொன்ன விதத்தில், ஏதோ சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொல்வது போலிருந்தது.

அப்பா தணிக்கைத் துறை. யார் பேச்சையும் கணக்குப் பார்க்காமல் நம்பமாட்டார். காரில் உட்கார்ந்து முள்ளைக் கவனித்தார். அதிகபட்சம் பூஜ்யம் புள்ளி ஏழு. வீட்டுக்கு வந்து அளவு மாற்று அட்டவணையை எடுத்தார். ஒரு பார் அழுத்தம் என்பது சதுர அங்குலத்துக்குப் பதினாலரை பவுண்டு. ஆகவே புள்ளி ஏழு பார் என்பது பத்து பவுண்டும் சில்லறையும். அடுத்து என் அறிவியல் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நம்மைச் சுற்றியுள்ள சாதாரணக் காற்றின் அழுத்தமே பதினாலே முக்கால் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்பாவின் முகத்தில் தணிக்கைக் களை வந்துவிட்டது. “சும்மா இருக்கிற காத்து பதினாலே முக்கால். ஒன் மெஷின் குடுக்கிறது பத்து. தெருக்காத்தைக் கொறச்சுக் குடுக்கதுக்கு ஒரு விசிறியா லே?”

சித்தப்பா அண்ணன் சொல்லுக்கு மறுசொல் பேசி நான் கேட்டதில்லை. தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாக, “சரிண்ணே, கழத்திருவோம். ஆனா பதிவு ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்லா, விதி இருக்கே” என்றார். விதி என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் சாமி பெயருக்குரிய மரியாதை. விண்ணப்பம் அன்றே தபாலில் போனது.

பதில் வரவில்லை. அப்பா ஒரு நினைவூட்டல் அனுப்பச் சொன்னார். அதற்கும் இல்லை. கடைசியில், ஆட்சேபம் இருந்தால் இதற்குள் எழுதியிருப்பார்கள் என்று தீர்ப்புச் சொல்லி, வரும் ஞாயிற்றுக்கிழமை கழற்றுவதென்று மிஸ்திரியிடம் நாள் குறித்துவிட்டார். நான் அந்த வாரம் முழுக்க மந்திர் மார்க் பள்ளியில் எந்தப் பாடத்தையும் கேட்கவில்லை. கணக்கு தப்பு என்று என் முதுகுக்குத் தெரிந்திருந்தது. எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை.

ஞாயிறு காலை மூவரும் பட்டறைக்குப் போனோம். வழியில் ஆணி ஏறி, பின்சக்கரம் ஒன்று தரையோடு தரையாகிவிட்டது. மிஸ்திரி முதலில் பஞ்சரைப் பார்க்கிறேன் என்று காற்றளக்கும் மீட்டரை வால்வில் வைத்தார். “ஜீரோ” என்று எனக்கும் காட்டினார். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன்.

“அப்பா, இந்த டயருக்குள்ள இப்ப காத்தே இல்லையா?”

“இல்லாம என்ன? வெளிக்காத்து இருக்கும்.”

“அது எத்தனை பவுண்டு?”

“பதினாலே முக்கால். நீதான படிச்ச?”

“அப்ப மீட்டர் ஏன் பூஜ்யம் காட்டுது?”

அப்பா குனிந்து அந்த மீட்டரை வாங்கித் தாமே வால்வில் வைத்துப் பார்த்தார். பூஜ்யம்தான். காற்றடித்த முன்சக்கரத்தில் வைத்தார். இருபத்தெட்டு. திரும்பவும் பஞ்சரான சக்கரம். மிஸ்திரி ஸ்பேனரைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“மீட்டர் வெளிக்காத்தையே பூஜ்யம்னு வச்சுக்கிட்டு, அதுக்கு மேலதான் எண்ணுது” என்றேன். “கார்ல உள்ளதும் அப்படித்தானப்பா? பத்தும் பதினாலே முக்காலும் கூட்டினா கிட்டத்தட்ட இருபத்தஞ்சு.”

தணிக்கைக்காரர் அவ்வளவு எளிதில் கோப்பை மூடிவிடமாட்டார். “வண்டி நின்னு எஞ்சின் மட்டும் ஓடும்போது முள்ளு பூஜ்யத்துக்கும் கீழ போகுதே, அதுக்கு என்ன சொல்லுத?”

“ஸ்ட்ரா போட்டு லஸ்ஸி குடிக்கும்போது ஸ்ட்ராவுக்குள்ள காத்து கொறையும்லா? எஞ்சின் அப்படி உறிஞ்சுது.”

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மிஸ்திரியின் சிகரெட் அட்டையில் கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை. பிறகு பேனாவை மூடி, “முந்தைய குறிப்பு ரத்து. பஞ்சரை மட்டும் ஒட்டச் சொல்லு” என்றார். மிஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்தார். எனக்குத் தேர்வில் முதலிடம் வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போகவில்லை. ரிட்ஜ் சாலையில் சித்தப்பா ஓட்ட, முன்சீட்டில் அப்பா, பின்னால் நடுவில் நான். கருவேலங்காடு இரண்டு பக்கமும் பின்னால் ஓட, அப்பா சபையில் அறிக்கை வாசிப்பவர் போல முள்ளைப் படித்துக்கொண்டு வந்தார்: “புள்ளி மூணு. புள்ளி அஞ்சு. புள்ளி ஏழு. பத்து பவுண்டு, வெளிக்காத்துக்கு மேல.” பிறகு என் பக்கம் திரும்பாமலே, “ஏட்டி, இருபத்தஞ்சு” என்றார். அப்பா சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சித்தப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்தக் காரை நான் ஒருத்தியே காப்பாற்றினேன் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பெருமையில் பெரும்பங்கை இன்றும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆனால் அந்தப் பதிவு அலுவலகத்தில் எங்கள் விண்ணப்பம் போய்ச் சேரும் அதே பிரிவில் சித்தப்பாவின் பழைய அறைத்தோழர் இருந்தார். மாதம் ஒரு முறை எங்கள் வீட்டுக்கே சாப்பிட வருவார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நேரிலும் போகாமல், சாதாரணத் தபாலில் ஏன் அனுப்பினார் சித்தப்பா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஒரு காரியம் நடக்கவேண்டுமானால் ஆளைப் பார்ப்பார்கள், நடக்கக்கூடாதென்றால் விண்ணப்பம் போடுவார்கள் என்பதை நானும் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கற்றேன்.

மேற்படி கருவியை அகற்றிக்கொள்ள அனுமதி வழங்கப்படுகிறது என்ற பதில், அடுத்த வருஷம் எல்லா அலுவலகங்களும் மிச்சமிருக்கும் கோப்புகளைத் தீர்த்துக் கட்டும் நாளில், மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வந்தது.