அடுப்பேறாத பானை

டிராம் ஓட்டம் நின்றுபோன வருஷம்தான் எங்கள் மியூசியத்துக்குத் தான் இருக்கிற ஊரின் ஞாபகம் வந்தது. அதுவரை ராஜாக்களின் வாள்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தவர்கள், திடீரென்று பம்பாய்க்கென்றே ஒரு கூடம் திறக்கக் கிளம்பினார்கள். டிராம் மணி வந்தது. கோலிப் பெண்களின் மீன்கூடை வந்தது. மில் தொழிலாளியின் சாப்பாட்டு டப்பா வந்தது. நான் அங்கே டைப்பிஸ்ட். இந்த ஊர்ச் சாதாரண ஜனங்களின் பொருள்தான் வேண்டும், உங்கள் வீடுகளிலிருந்தும் கொண்டுவாருங்கள் என்றார் கியூரேட்டர். அதை நான் நம்பித் தொலைத்தேன்.

தாராவியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பொங்கல் பானை இருந்தது. என் தம்பி பொறுக்கிய பானை. தாராவிக் குயவர்கள் குஜராத்திக்காரர்கள். தை நெருங்கினால் எங்கள் ஜனங்களுக்காகவே வாயகன்ற பானை செய்வார்கள். அம்மாவோடு போய், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இந்தியில் பேரம் பேசி, யாரையும் தொடவிடாமல் தானே சுமந்து வந்தான். பொங்கலுக்கு முன்பே டைபாய்டில் போய்விட்டான். துட்டி விழுந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் கிடையாது. மறு வருஷம் அம்மா வேறு பானை வாங்கினாள். அவனுடையது அடுப்பேறவே இல்லை.

அவனுக்கு ஒரு போட்டோகூட இல்லை. பானைதான் மிச்சம். மழைக்காலத்தில் எங்கள் தகரக் கூரை ஒழுகும், பரணில் எலி ஓடும். மழை வலுத்தால் அம்மா பானையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பார்க்கச் சகிக்காது. அதனால்தான் மியூசியத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஒடையாம வச்சிருப்பாவளா?" என்று கேட்டாள் அம்மா.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வப்பாங்கம்மா."

"அப்பம் கொண்டு போ. ஆனா தாராவிப் பயலோட பானைன்னு எழுதச் சொல்லு. அவன் இங்கனதான பொறந்தான், இங்கனதான போனான்."

'பொங்கல் பானை. தாராவி, பம்பாய்' என்று சீட்டில் நானே டைப் அடித்தேன். கியூரேட்டர் இரண்டாவது வரியை அடித்துவிட்டு 'மதராஸ் ராஜ்யம்' என்று எழுதினார். இந்த ஊரில் சுட்ட பானை, செய்தவர் குஜராத்தி, வாங்கியவன் இங்கேயே பிறந்து இங்கேயே செத்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். பண்டிகை உங்களுடையதுதானே என்று பொறுமையாக இங்கிலீஷில் கேட்டார். கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அப்படியானால் பானையைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். பதிவான பொருள் வெளியே போகாதாம். இந்த ஊரில் சாகலாம், ஊர்க்காரனாக மட்டும் முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கூடம் திறந்த வாரம் அம்மா சலவைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். என்னால் தடுக்க முடியவில்லை. டிராம் மணியைப் பார்த்தாள், மீன்கூடையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

"எங்கட்டி?"

மாடிப்படிக்குப் பின்னால், மற்ற ராஜ்யங்களின் பழக்கவழக்கங்களுக்கென்று ஒதுக்கிய அறைக்குக் கூட்டிப்போனேன். குத்துவிளக்கு, மரக்கால், பனையோலைப் பெட்டி, கலப்பை. நடுவில் தம்பியின் பானை. அம்மாவுக்கு எழுத்து வராது. சீட்டை நான் எப்படி வேண்டுமானாலும் படித்துக் காட்டியிருக்கலாம். பக்கத்திலிருக்கும் மரக்காலையும் கலப்பையையும் எப்படி மறைப்பது?

"இது பூராம் நம்ம ஊர்ச் சாமான்லா," என்றாள். பிறகு கண்ணாடிமேல் கையை வைத்தாள். "அவன் அந்த ஊரையே பாத்ததில்லையே, ஏட்டி."

"ஹாத் மத் லகாவ்," என்று காவலாளி அதட்டினான். அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

சயான் ஸ்டேஷன் வந்தது. இறங்கியதும், "திருப்பிக் கேளு," என்றாள். தரமாட்டார்கள் என்றேன். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அந்த வருஷமும் மழை வந்தது, கூரை ஒழுகியது. அம்மா அவசரமாக எழுந்து பரணுக்குக் கீழே போய் இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள். அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.