எதிர்ப்பாட்டு டீச்சர்

தெருவில் அவளுக்கு எதிர்ப்பாட்டு டீச்சர் என்று பெயர். யாராவது கிழக்கு என்றால் மேற்கு என்பாள். பால்காரர், வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர், சொந்த அண்ணி, ஒருவரையும் விட்டதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் குடும்ப பாரத்தில் பாதியை அவள் இழுத்தாள். மீதியை இழுத்தது கிரேன் ஓட்டும் கணவர். அவரோ வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். முன்பு அவருக்காக இவள் போய்ப் போட்ட சண்டையில் அவர் வேலையே போயிற்று. இனி அவர் வேலை விஷயத்தில் வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள்.

அன்று பாடத்தில் 'கவுன்ட்டர்ஆக்ட்' என்ற சொல் வந்தது.

"எதிர்க்கிறதுதானே டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"சும்மா எதிர்க்கிறது வேற. இது, எதிர்த்து நின்னு அதோட பலத்தையே முறிக்கிறது. மருந்து விஷத்தை முறிக்குதே, அந்த மாதிரி."

உள்ளேயிருந்து கணவர் சிரித்தார். "எங்க கிரேனைச் சொல்லேன். முன்னால தொங்குற பாரம் கவுக்கப் பார்க்கும். பின்னால மாட்டியிருக்கிற கான்கிரீட் கட்டைங்கதான் அதை முறிக்குது."

பிள்ளைகள் போனதும் மெதுவாகச் சொன்னார். "எட்டுக் கட்டை இருக்கணும். ரெண்டை அடுத்த சைட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க."

"அப்புறம் எப்படித் தூக்குறீங்க?"

"பாரத்தைக் கிரேன் கிட்டவே வச்சுக்குவேன், தள்ளிப் போகப்போகத்தான் கவுக்கும். நாளைக்குத்தான் கம்பிக்கட்டைக் கடைசி மூலைவரைக்கும் நீட்டணும். ஒண்ணும் ஆகாதுங்கிறார் சூப்பர்வைசர்."

அவள் சத்தியம் செய்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

காலையில் அவர் பின்னாலேயே கட்டட சைட்டுக்குப் போனாள். அண்ணாந்து கட்டைகளை எண்ணினாள். ஆறுகூட இல்லை, ஐந்துதான். நேரே நடந்துபோய்க் கடைசி மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் கத்தினார். அவள் அசையவில்லை. கைபேசி அடித்தது. கிரேன் மேலிருந்து கணவர்.

"எந்திரிம்மா. உன் தலைக்கு மேல நான் எப்படிப் பாரத்தைக் கொண்டுவர்றது?"

"அதுக்குத்தான் உட்கார்ந்திருக்கேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும். நீங்க இருங்க, போதும்."

வேலை போயிற்று. அன்று முழுக்க அவர் அவளோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, கண்ணெதிரே உயிரோடு உட்கார்ந்திருந்தாரே, அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் கணவரோடு துணி உலர்த்த மாடிக்குப் போனவள், தூரத்தில் கிரேனின் கை திரும்புவதைப் பார்த்தாள்.

"யாருங்க ஓட்டுறது?"

"புதுப் பையன். இப்பதான் கல்யாணம் ஆச்சு." சொன்னவரின் முகம் வெளுத்தது. "அவனுக்குக் கட்டை கணக்கு தெரியாதே."

செருப்புக்கூடப் போடாமல் இருவரும் ஓடினார்கள். சைட் கேட்டை அன்று உள்பக்கமாகப் பூட்டியிருந்தார்கள், அவள் மறுபடி வந்துவிடக் கூடாதென்றுதான். கம்பிக்கட்டு தரையை விட்டுக் கிளம்பி, கடைசி மூலையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. அவள் கேட்டை உலுக்கினாள். பக்கத்தில் யாரோ தொண்டை கிழியக் கத்துவது கேட்டுத் திரும்பினாள். அவள் கணவர்.

"வேணாம்டா! இறக்குடா! இறக்கு!"

அவ்வளவு உயரத்துக்கு எந்தக் குரலும் எட்டாது என்பது அவருக்குத் தெரியும்.