மூன்றாம் இடத்துக்கு வந்த பஸ் பாட்டு

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மொன்ட்ரியாலில், பனிக்காலம் முடிந்துவிட்டதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபடியும் கொட்டத் தொடங்கும் மார்ச் மாதம். நான் மின்பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பம் சென்னையிலிருந்து வந்தது, வீடு பியர்பொன்ட்ஸில். அமைதியான இடம், அகலமான தெரு, ஆனால் தமிழ்ச் சத்தமே கிடையாது. அதற்கு பஸ், மெட்ரோ என்று மாறி மாறி வில்லரேக்குப் போக வேண்டும். அங்கே என் வகுப்புத் தோழி இருந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். சனிக்கிழமைகளில் அவள் வீட்டுச் சமையலறையில்தான் கிடப்பேன். காரணம், ரேடியோ.

பல மொழி நிகழ்ச்சிகள் வரும் ஒரு வானொலியில் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் தமிழ். அதன் கடைசிப் பகுதி ‘இந்த வார முதல் ஐந்து’. எந்தக் கேசட் அதிகம் போனது என்று அறிவிப்பாளர் காலையிலேயே தமிழ்க் கடைகளுக்கு போன் செய்து கேட்டுவிடுவார். பிறகு ஐந்திலிருந்து ஒன்றுவரை ஒவ்வொரு பாட்டாகப் போடுவார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் முதலாம் இடத்தில் ஒரே கேசட். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் காரில் சாய்ந்து நிற்கும் அட்டைப்படம். பாடியவர் ஒருவர், படத்தில் நிற்பவர் வேறொருவர் என்று பேசிக்கொண்டார்கள். தயாரித்தவர், ஊருக்குப் பேச எல்லோரும் வாங்கும் தொலைபேசி அட்டைகளை மொத்தமாக விற்ற ஒரு வியாபாரி. அட்டை வாங்கினால் கேசட் இலவசம். கடைக்காரர்கள் அதையும் விற்பனைக் கணக்கிலேயே சொல்லிவிடுவார்கள். ஊருக்கு போன் பேசாத தமிழ் வீடு உண்டா? ஆகவே அது அசைய வழியே இல்லை. அந்தப் பாட்டை யாராவது முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

எல்லோரும் முணுமுணுத்தது வேறொரு பாட்டு. என் தோழியின் அக்கா பாடியது. அவர் யாழ்ப்பாணத்தில் முறையாகச் சங்கீதம் படித்தவர். இங்கே மொன்ட்ரியால்-நோரில், கணவரோடு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஒரு கார்தரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். வீட்டு நிலவறையில் ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு தானே எழுதி, தானே மெட்டமைத்து ஒரு கேசட் போட்டிருந்தார். அதில் இருந்ததுதான் ‘பஸ் பாட்டு’. விடியற்காலைப் பனியில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பெண் பாடுவது. ‘வருது வருது எண்டு வாறதில்லை, பனிக்குத்தான் பாதை தெரியும்’ என்று வரும். வில்லரேயில் எந்தப் பஸ் நிறுத்தத்திலும் அதைக் கேட்கலாம். முதல் ஐந்தில் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருடம் அறிவிப்பாளர் ஒன்று சொன்னார். மார்ச் கடைசிச் சனிக்கிழமையன்று முதல் மூன்று இடங்களில் இருப்பவர்களுக்கு, வசந்தகால இசை நிகழ்ச்சியில் மேடை; வயலின், மிருதங்கம் எல்லாம் டொரொண்டோவிலிருந்து வருகிறது. அக்கா அதைக் கேட்டுவிட்டு என் தோழியிடம், “பெட்டிக்குள்ள அடிக்கிற தாளத்தோட பாடிப் பாடி எனக்கு அலுத்துப் போச்சடி. ஒருக்கா, ஒரேயொருக்கா உண்மையான மிருதங்கத்தோட பாட வேணும்” என்றாராம். அவ்வளவுதான். கேசட்டை வாங்குங்கள் என்று யாரிடமும் கேட்கிற ஆள் அவர் இல்லை.

கேட்கிற ஆள் நான். திட்டம் போடுவதில் எனக்கு எப்போதுமே தயக்கம் இருந்ததில்லை. யோசனை கிடைத்தது கல்லூரி நடைபாதையில். முகம் பார்த்துப் பொறுக்கி, நடனம் பழக்கி, மேடையேற்றப்பட்ட ஒரு பையன்கள் குழு அப்போது ஆங்கில வானொலியில் முதலாம் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவர்களை இறக்க, இந்த வாரம் எல்லோரும் நம் ஊர்க் குழுவின் சிடியை வாங்குங்கள் என்று மாணவர்கள் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அந்த முயற்சி ஜெயித்ததா என்பது எனக்கு நினைவில்லை. சுவரொட்டியைப் பார்த்த அந்த நிமிஷமே என் மனம் வில்லரேக்குப் போய்விட்டது.

அக்காவுக்குத் தெரியாமல் செய்வதென்று முடிவு. தோழியும் நானும் வீடு வீடாகப் போனோம். முதல் வீட்டிலேயே தடுக்கி விழுந்தோம்.

“பஸ் பாட்டோ? அது எங்களிட்ட இருக்கே!” என்றார் அந்த வீட்டு மாமி. இழுப்பறையைத் திறந்து எடுத்துக் காட்டினார். கறுப்புக் கண்ணாடி, கார், சாய்ந்த இளைஞர்.

“மாமி, இது அந்த ரெலிபோன் காட் கசெற் எல்லோ?” என்றாள் தோழி.

“ஓம் பிள்ளை. வெளியில அவன், உள்ளுக்க கொக்கா.”

கொக்கா என்றால் உன் அக்கா. இலவசக் கேசட்டின் மேல் விளிம்பில், மறுபடி பதியவிடாமல் தடுக்கும் ஓட்டைகளில் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பஸ் பாட்டைப் பதிந்திருந்தார்கள். அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டிலும். வானொலியில் முதலாம் இடத்தைப் பிடித்த கேசட் ஊரெல்லாம் இருந்தது. திறந்து போட்டால் அக்காவின் குரல் வந்தது. யார் பதிந்து கொடுத்தது என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “வேற ஆர்? அவதான். ‘சும்மா கிடக்கிற கசெற் இருந்தாக் கொண்டு வாங்கோ, பதிஞ்சு தாறன்’ எண்டவ.”

தெருவில் இறங்கியதும் தோழி தலையில் கை வைத்துக்கொண்டாள். “எங்கட அக்காவை முதல்ல எங்கட அக்காவிட்ட இருந்து காப்பாத்த வேணும்” என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஏற்கெனவே வைத்திருக்கும் பாட்டை யாரும் இன்னொரு முறை வாங்க மாட்டார்கள். ஆனால் அந்த வீடுகளில் இன்னொன்றையும் கவனித்திருந்தேன். பாரிஸ், லண்டன், சூரிச் என்று எங்காவது ஒரு தங்கை, தம்பி இருந்தார்கள். யாராவது பயணம் போனால் அவர்களிடம் ஒரு பொட்டலம் போகும். அதற்குள் பதிந்த கேசட்டை யாரும் வைப்பதில்லை. கண்ணாடித்தாள் பிரிக்காத புதுக் கேசட்தான் வைப்பார்கள். அதிலிருந்து எங்கள் பேச்சை மாற்றிக்கொண்டோம். உங்களுக்கு வேண்டாம், உங்கள் தங்கச்சிக்கு வாங்குங்கள். மாமிகளின் முகம் மாறியது. “அது சரிதானே” என்றார்கள்.

மூன்றாம் இடத்துக்கு அது போதும் என்று தோன்றியது. எனக்கு முதலாம் இடம் வேண்டும். ஆகவே என் ஆய்வுக்கூட நண்பர்களிடமும் பேசினேன். ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர்கள்; பையன்கள் குழுவின்மேல் இருந்த கோபத்தில், பாட்டு என்னவென்றுகூடக் கேட்காமல் சம்மதித்தார்கள். யார், எந்தக் கடை, எந்த நேரம், எந்த பஸ் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை, வில்லரே ஓரத்தில் இருந்த பெரிய தமிழ்க் கடை.

அன்று பார்த்துப் பனி கொட்டியது. பியர்பொன்ட்ஸிலிருந்து வந்த பஸ் ஊர்ந்தது. யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினால், கடை நிறைய ஆட்கள். பூட்ஸிலிருந்து தண்ணீர் வடிய, ரோல்ஸ் வாசனைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மாமிகள், மறுபக்கம் என் கல்லூரி நண்பர்கள். கடைக்கார அண்ணை கல்லாவில் கையை ஊன்றி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வாங்கோ எஞ்சினியர் பிள்ளை. நல்லா ஆக்களைச் சேத்திருக்கிறியள். கசெற் எங்க?”

“உங்ககிட்ட இல்லையா அண்ணா?”

“இருந்த கொஞ்சத்தை முன்னுக்கு வந்தவை எடுத்திட்டினம். கலியாணத்துக்கு ஊரையே கூப்பிட்டனியள், சோறு சமைச்சதோ எண்டு கேக்கேல்ல!”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. என் வரிசையில் எல்லாம் இருந்தது, இந்தக் கேள்வி மட்டும் இல்லை. மீதிக் கேசட் முழுவதும் பெட்டி பெட்டியாக அக்கா வீட்டு நிலவறையில்.

தோழி கடை போனிலேயே அக்காவின் கணவரை, தன் அத்தானை, கூப்பிட்டாள். எடுத்தது அக்கா. மறைக்க முடியவில்லை, இவள் சொல்லச் சொல்ல அவர் குரல் எனக்கே கேட்டது. கடைசியில் தோழி ரிசீவரை என் கையில் திணித்துவிட்டாள்.

அக்கா கத்தவில்லை. நிதானமாகத்தான் கேட்டார். “உம்மட கொலிஜ் பிள்ளையள் என்ர பாட்டை ஒருக்காவாவது கேட்டவையோ?”

“இல்லக்கா.”

“கேக்காத ஆக்களுக்கு வித்து முதலாவதா வாறதெண்டா, நானும் ரெலிபோன் காட்டோட குடுத்திருப்பனே. அவருக்கும் எனக்கும் பேந்து என்ன வித்தியாசம்? எனக்கு அந்த மேடை வேண்டாம். எல்லாரையும் வீட்ட போகச் சொல்லும்.”

நான் கடையைத் திரும்பிப் பார்த்தேன். மாமிகள் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். என் நண்பர்கள் சுவரில் இருந்த மசாலாப் பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இருந்தது.

“அக்கா, கேட்காதவங்களுக்கு ஒண்ணுகூட விக்க மாட்டோம். நீங்களே வந்து, இங்கயே பாட்டைப் போடுங்க. கேட்டுட்டுப் பிடிச்சா வாங்கட்டும், இல்லைன்னா போகட்டும். ஆனா ஏற்கெனவே கேட்டவங்க இங்க பனில வந்து நிக்கிறாங்க. அவங்களுக்கு இல்லைன்னு சொல்ல உங்களுக்கு மனசு வருதா?”

பதில் வருவதற்குள், இழுப்பறையைத் திறந்து காட்டிய அந்த மாமி ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். “பிள்ளை, நான் பாரிசில இருக்கிற என்ர தங்கச்சிக்கு அனுப்ப வேணும். கொண்டுபோற ஆள் நாளைக்கு வெளிக்கிடுது. உந்த நியாயமெல்லாம் பேந்து கதைப்பம், இப்ப கொண்டு வா!”

மாமி ரிசீவரை எல்லோருக்கும் கேட்கும்படி தூக்கிப் பிடித்தார். பிறகு, “வாறன்” என்றது போன்.

வந்தார்கள். அத்தான்தான் பெட்டிகளைச் சுமந்துகொண்டு முன்னால் நுழைந்தார். “எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு போங்கோ. என்ர காரின்ர சம்மர் டயரை வைக்க இனியாவது இடம் கிடைக்கட்டும்” என்றார். பின்னால் அக்கா, முக்காட்டில் பனியோடு. மாமிகள் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் வாங்கி முடித்தார்கள். அதன் பிறகு கடைக்கார அண்ணை தன் ரேடியோவில் கேசட்டைப் போட்டார். தோழி வரிவரியாகப் பிரெஞ்சில் அர்த்தம் சொன்னாள். என் நண்பர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

பஸ் வராமல் போகும் வரி வந்ததும் அவர்களில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்து, “இது என் பஸ்தான்!” என்று பிரெஞ்சில் சொன்னாள். பாட்டு முடிவதற்குள் ‘வருது வருது’ அவள் வாயில் வந்துவிட்டது. அவள் வாங்கினாள். இன்னும் சிலர் வாங்கினார்கள். சிலர் தயங்கி, மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவன் மட்டும் நேராக அக்காவிடம் போய், தன் ரசனைக்கு இது சரிப்படவில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டு, மிக்சர் பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அக்காவோ, அவன் போன கதவையே பார்த்துச் சிரித்தார்.

“உவன்தான் ஒழுங்காக் கேட்டவன்” என்றார்.

மறுநாள் வில்லரே சமையலறையில் ரேடியோவைச் சுற்றி நின்றோம். ஐந்து, நாங்கள் இல்லை. நான்கு, இல்லை. தோழி என் கையை இறுக்கிப் பிடித்தாள். “மூன்றாம் இடத்துக்குப் புதிதாக ஒரு உள்ளூர்க் குரல்...” என்று அறிவிப்பாளர் ஆரம்பித்ததும் அவள் போட்ட சத்தத்தில் முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை. நகர்ந்து போன நண்பர்களும் வாங்கியிருந்தால் இரண்டா, ஒன்றா என்று என் மூளை ஒரு கணம் கணக்குப் போட்டது. நிறுத்திவிட்டேன். முதலாம் இடத்தில் அதே கறுப்புக் கண்ணாடி. அந்தக் கேசட்டுகளுக்குள் எத்தனையில் யார் பாடிக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

உடனே போன் வந்தது. “மூண்டு காணும், எனக்கு அது போதும்” என்றார் அக்கா. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

வசந்தகால நிகழ்ச்சியில் முதலாம் இடத்துக்காரர் மினுங்கும் கோட்டில் வந்தார். டேப் ஓடியது, அவர் வாய் அசைந்தது, சனம் தேநீருக்கு எழுந்து போனது. பிறகு அக்கா வந்தார். வயலின் சுருதி சேர்ந்தது. மிருதங்கம் ஒரு தட்டுத் தட்டியது. அந்த ஒரு தட்டுக்கே அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாய் திறப்பதற்குள், தேநீர்க் கோப்பையோடு திரும்பிய கூட்டம் ‘வருது வருது’ என்று தொடங்கிவிட்டது. அவர் பாடாமல் நின்று கேட்டார். மிருதங்கக்காரர் சிரித்துக்கொண்டே அவருக்காகக் காத்திருந்தார். இரண்டாவது வரியை அக்கா எடுத்தபோது, அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை என்று தோன்றியது.

இன்று நான் ஒரு நிறுவனத்தில் அளவீட்டுக் கருவிகளோடு வேலை செய்கிறேன். நாள் முழுவதும் ஏறும் எண்களும் இறங்கும் எண்களும்தான். எந்த எண்ணாவது சந்தேகத்துக்கு இடமில்லாமல் உச்சியில் உட்கார்ந்திருந்தால், மிக்சர் பாக்கெட்டோடு பனியில் இறங்கிப் போன அந்த நண்பனை நினைத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கும் இடம் கொடுத்துப் பெற்ற அந்த மூன்றாம் இடத்தைவிடப் பெரிய வெற்றியை நான் இன்னும் பார்க்கவில்லை.