அந்தமானுக்குப் பதில் கரியாலூர்

கடலுக்கு அடியில் இறங்கி மீன் பார்க்கும் ஆசையை எங்களுக்குள் கிளப்பிவிட்டவரே என் கணவர்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு எல்லாமே என் பிடிவாதத்தால் வந்தது என்பது போல ஒரு பேச்சு உலாவியது.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் மூன்று குடும்பங்கள் ஒட்டிக்கொண்டு இருந்தோம். என் கணவர் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவருடைய பள்ளிக்கூடத்து நண்பர்கள் இருவரில் ஒருவர் உரக்கடைக்காரர், இன்னொருவர் பாத்திரக்கடை பாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் உரக்கடைக்காரர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். அவருடைய மனைவி எங்களுக்கெல்லாம் மூத்தவர், நான் அக்கா என்பேன். பாயின் மனைவிக்கு என் வயதுதான். அந்த இரண்டு வீட்டிலும் தலா இரண்டு பிள்ளைகள். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாகியும் ஒன்றும் இல்லை.

அந்த விஷயத்தில் என் கணவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது. கல்யாண வீட்டில், காதுகுத்தில், யாராவது என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தால் அவர் எங்கிருந்தோ வந்து நிற்பார். "எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லைங்க. வேற இன்னா சேதி?" என்பார். அவருடைய அம்மாவையே அப்படி அடக்கியிருக்கிறார். மற்றபடி எங்களுக்குள் ஆயிரம் சண்டை உண்டு. இந்த ஒன்றில் மட்டும் அவர் என் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

காலாண்டு விடுமுறைக்கு எல்லோரும் சேர்ந்து எங்காவது நல்ல கடற்கரையாகப் பார்த்துப் போகலாம் என்று பேச்சு எழுந்தது. கோவா என்றார் பாய். "குடிக்கறதுக்குன்னே ஒரு ஊரா? வேணாம்" என்று அக்கா ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். மாலத்தீவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாயைத் தவிர யாரிடமும் அது கிடையாது. லட்சத்தீவுக்கு அனுமதி வாங்கவே ஒரு ஆள் அலைய வேண்டும் என்றார்கள். கடைசியில் அந்தமான் என்று முடிவானது. உரக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனில் இருந்து பேக்கேஜை வாசிப்பார். காலையில் ஸ்கூபா டைவிங். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கடலுக்கு அடியில் அழைத்துப் போவாராம். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லையாம். தண்ணீர் வேண்டாம் என்பவர்களுக்குச் சுண்ணாம்புக் குகை, காட்டு நடை என்று தரையிலேயே வேறு ஏற்பாடுகள். அக்கா உடனே தரைக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

"மூஞ்சில அந்தக் கண்ணாடிய மாட்டிக்கினா மூச்சு முட்டாதா?" என்று பாயின் மனைவி கேட்டாள்.

"இன்னாம்மா பயம்? கண்ண மூடிக்கினு எறங்க வேண்டிதான். பெண்ணையாத்து வெள்ளத்துல நீந்தின ஆளு நானு" என்றார் என் கணவர். பாய் இறங்கத் தயங்கினார் என்று அந்த மாதம் முழுக்க அவரைப் போட்டுக் கலாய்த்தார்.

எனக்கு நீச்சல் தெரியும். மணலூர்பேட்டையில் எங்கள் கரும்புக் கொல்லைக் கிணற்றில் குதித்துக் குதித்துக் கற்றது. கல்யாணத்துக்குப் பிறகு குளியலறை வாளியைத் தாண்டி நான் தண்ணீரில் கால் வைத்ததில்லை. அந்த டைவிங் வீடியோக்களை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நீல வெளிச்சத்தில் ஒரு பெண் தன் கையைத் தானே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு மிதப்பாள். அந்தப் பெண்ணாக ஒரு நாள் இருந்துவிட்டு வந்தால் போதும் என்று இருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடைத்தாள் திருத்திவிட்டு நான் தாமதமாக மாடி ஏறினேன். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. அக்கா எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தந்தார். நான் உட்காரும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கடல் எங்கம்மா ஓடிடப் போவுது?" என்று உரக்கடைக்காரர் ஆரம்பித்தார். "இந்த வாட்டி நம்ம கல்வராயன் மலைக்கே போய்ட்டு வந்துடலாம். கரியாலூர்ல தண்ணி நல்லா வருதாம்."

"கரியாலூருக்கா? காலைல பஸ் ஏறினா சோத்துக்குத் திரும்பிடலாமே. அதுக்கு எதுக்குங்க மூணு மாசமா பேக்கேஜ் படிச்சோம்?"

கோபமாகத்தான் கேட்டேன். ஒருவரும் பதிலுக்குக் கோபப்படவில்லை. அடம் பிடிக்கும் குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவரைக் குடைந்தேன். "எல்லாரும் சொல்றாங்க. நான் ஒருத்தன் இன்னா பண்றது?" என்று பூசி மெழுகினார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வேன் பிடித்துப் போனோம். முன் சீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். வளைவுகளில் வேன் ஆடும்போதெல்லாம் அக்கா ஓட்டுநரை அதட்டினார், கண் என்மேல் இருந்தது. படகுக் குழாமில் பெடல் படகில் ஏறப் போனவளைப் பாயின் மனைவி கையைப் பிடித்து நிறுத்தி, "எனக்குத் தொணையா கரையில இரேன்" என்றாள். அருவியில் குளிக்கலாம் என்று மாற்றுத் துணி எடுத்து வந்திருந்தேன். தண்ணீர் வேகமாக விழுகிறது, வேண்டாம் என்றார்கள். உற்சவர் சிலை மாதிரி, இறக்கி வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆண்களும் பிள்ளைகளும் அருவிக்கு அடியில் கத்திக்கொண்டு நின்றார்கள். என் கணவர் மட்டும் எல்லோருடைய செல்போன்களையும் ஒரு துண்டில் மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு காய்ந்த பாறைமேல் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்றார்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் அன்னாசித் துண்டுகளில் மிளகாய்ப்பொடி தூவி விற்றார்கள். ஒரு துண்டு வாங்கி வாயருகே கொண்டு போனேன். அக்கா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிப் புதரில் வீசினார்.

"இன்னா பைத்தியமா உனக்கு? இந்த நேரத்துல அன்னாசியா?"

"எந்த நேரத்துல?"

அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியும்மா. உன் வூட்டுக்காரரு சொல்லிட்டாரு. மூணு மாசம் முடியறதுக்குள்ள பேசினா கண்ணு பட்டுடும்னுதான் நாங்க வாயத் தொறக்கல."

பாயின் மனைவி என் தோளைத் தொட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "ஆறு வருஷம் கழிச்சு அல்லா கண்ணத் தொறந்து இருக்கான். பத்தரமா இரு."

முந்தின வாரம்தான் நான் வழக்கம்போல விலக்காகி, வழக்கம்போலக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருந்தேன்.

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. சொன்னால் அந்த இரண்டு முகங்களும் வாடும், பிறகு பாவம் என்று என்னைத்தான் பார்ப்பார்கள். பொய் சொன்னவர் பாறைமேல் உட்கார்ந்திருந்தவர், கூனிக் குறுக வேண்டியவள் நானா? தலையை ஆட்டி வைத்தேன். வேனில் வரும்போது அக்கா என் மடியில் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுப் போர்த்தினார்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டதும் கேட்டேன். "அவங்ககிட்ட இன்னா சொல்லி வெச்சிருக்கீங்க?"

மென்று விழுங்கினார். "ஒரு பேச்சுக்கு சொன்னது."

"ஒரு பேச்சுக்கா?"

"எனக்குத் தண்ணி ஆவாது. இடுப்புக்கு மேல வந்தா நெஞ்ச அடைச்சிக்கும். சின்ன வயசுலருந்தே அப்டிதான். இத அவனுங்ககிட்ட சொன்னா சாவற வரைக்கும் ஓட்டுவானுங்க."

"அக்கா மாதிரி கரையில இருந்துருக்கலாமே?"

"பொம்பளைங்ககூடப் போய் குகை பாக்கச் சொல்றியா?"

"எனக்குத்தான் பயம்னு அவங்ககிட்ட சொல்லி இருக்கலாமே. ஆமான்னு சொல்லிட்டுப் போயிருப்பேனே நானு."

கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தார். பிறகு, "மாசமா இருக்கறவங்க டைவிங் பண்ணக் கூடாதுன்னு அந்த பேக்கேஜ்லயே போட்டு இருந்துது. அது டக்குனு வாயில வந்துடுச்சு" என்றார். நல்ல யோசனை தோன்றிய ஆளின் முகம் அப்போதும் அவரிடம் லேசாக மிச்சமிருந்தது.

ஊரில் யார் இதை வைத்து விளையாடியிருந்தாலும் தாங்கியிருப்பேன். இத்தனை வருடம் யாரையும் பேச விடாமல் காத்து நின்றாரே, அவரே அதை எடுத்துத் தன் பயத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார். அவருக்குத் தண்ணீர் பயம் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்தமானையே மறந்திருப்பேன். என்னிடம்கூடச் சொல்லத் தோன்றவில்லை. நாளைக்கே போய் அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "நான் பாத்துக்கறேன். சரி பண்ணிடறேன்" என்றார். நம்பினேன்.

அடுத்த வாரம் அக்காவும் பாயின் மனைவியும் சாத்துக்குடிப் பையோடு வந்து நின்றார்கள். அக்கா செருப்பைக் கழற்றும்போதே அழ ஆரம்பித்துவிட்டார். "மலைக்கு நாங்கதான் இழுத்துக்கினு போனோம். அந்த வேன் ஆட்டத்துலதான் கலைஞ்சிருக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

என் கணவர் சரிசெய்த லட்சணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பாயின் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "மூத்தவனுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு போச்சு. அவருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. எங்க மாமியாருக்கே சொல்லல" என்றாள். அக்காகூட அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ, மறுநாளே பெருநாள் சமையலுக்கு நின்றது, எல்லாம். வருடா வருடம் அது பிறந்திருக்க வேண்டிய மாதத்தில் இனிப்புச் சோறு ஆக்கித் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாளாம். எதற்கென்று யாரும் கேட்டதில்லையாம். அதன் பிறகு நான் எந்த வாயால் சொல்வது? அவள் அழுதாள், நானும் அழுதேன். என் அழுகையில் பொய் எதுவும் இல்லை. ஆறு வருடத்தில் முதல்முறையாக யாரோ என்னோடு உட்கார்ந்து அழுதார்கள்.

எழுந்து போகும்போது கேட்டாள். "உனக்கு எந்த மாசம் பொறந்து இருக்கும்?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். "வைகாசி" என்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவர் நிம்மதியாக இருந்தார். "அவ்ளோதான், முடிஞ்சு போச்சு. இனிமே யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவரோடு சண்டை போடும் தெம்புகூட எனக்கு அதன் பிறகு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பழையபடி நடந்தது. நான் பாதி வாரம் தலைவலி என்று போகாமல் இருந்தேன். பாயின் மனைவி மட்டும் கடை மூடும் நேரம் பார்த்து அவ்வப்போது என்னைத் தேடி வருவாள். பேசுவதற்கு அவளுக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

வைகாசி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. பள்ளி விடுமுறை. மத்தியானம் அவள் ஒரு எவர்சில்வர் தூக்கில் இனிப்புச் சோறோடு வந்தாள். "இந்த வருஷம் ரெண்டு பேருக்கும் சேத்து ஆக்கினேன்" என்று என் கையில் கொடுத்தாள்.

சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தூக்கை என் கையிலிருந்து வாங்கித் திறந்து, ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார்.

"நெய்யி ஜாஸ்தி போட்டுக்கிற போல, நல்லா இருக்கும்மா. இன்னா விசேஷம் இன்னிக்கு? பெருநாள்கூட இல்லியே?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லண்ணா. சும்மாதான்" என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அதுக்குள்ளயா மறந்துட்டாரு? எப்டி இந்த மனுஷன்கூடக் குடும்பம் நடத்தற நீ?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

உள்ளே வந்தேன். அவர் இரண்டாவது முறை தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது உங்க புள்ளைக்கு ஆக்கினது" என்றேன்.

மென்றுகொண்டே நிமிர்ந்தார்.

"எந்தப் புள்ள?"