கடல் பாம்புப் புழுக்காரர்

எல்லப்பன் முப்பத்தோரு வருடம் கடற்கரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். வலையில் சிக்கிச் செத்த கடல் பாம்புகளை அறுத்து, நுரையீரலிலும் குடலிலும் ஒட்டியிருக்கும் தட்டைப்புழுக்களைத் தூரிகையால் எடுத்து, அலசிக் குப்பியில் போடுவது அவர் வேலை. ஓய்வு பெற்று உத்திரமேரூர் பக்கம் சொந்த ஊருக்கு வந்ததும் ஊர் அவருக்குப் புழுக்காரர் என்று பெயர் வைத்தது. டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், அவருக்கு மட்டும் பேப்பர் கப். வைத்தவர்கள் யார்? ஏரித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கிற மகாராசர்கள்.

தாயில்லாத அவர் மருமகள் செவ்வந்திக்குப் பிரசவமானதும் கவனித்துக்கொள்ள நர்ஸான என்னை அமர்த்தினார்கள். பேத்தி பிறந்து பன்னிரண்டு நாளாகியும் எல்லப்பன் அவளைத் தூக்கவில்லை. செவ்வந்தி விடவில்லை.

“அவுரு கையில புழு கீது நர்ஸம்மா. கொழந்தைக்கு ஒட்டிக்கினா?”

“அந்தப் புழு கடல் பாம்புக்குள்ளதான் பொழைக்கும். உன் பொண்ணு இன்னா கடல் பாம்பா?”

“சொல்ல முடியாதும்மா, நல்லாத்தான் நெளியுது” என்றார் எல்லப்பன் வாசலிலிருந்து. செவ்வந்தி சிரிக்கவில்லை.

மறுநாள் தெருவில் கழுதைப்பால்காரர் வந்தார். நான் குளித்து வருவதற்குள் செவ்வந்தி அவரைக் கூப்பிட, கழுதை மடியைத் துடைத்த துணியாலேயே சங்கைத் துடைத்து, பிள்ளை வாயில் ஊற்றிவிட்டார். சீர் நோய் தட்டாதாம், குரல் கணீரென்று வருமாம். தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று தினமும் தொண்டை கிழியச் சொன்னவள் நான். மாலைக்குள் ஏழு முறை தண்ணீராகப் போய்ப் பிள்ளை துவண்டது.

“நான் சொல்லல? காலையில மாமா தொட்டில்கிட்ட வந்தாரு!” என்று செவ்வந்தி கத்தினாள்.

எல்லப்பன் அடுப்படிக்குப் போனார். ஒரு சின்ன பாட்டிலை வெந்நீரில் போட்டெடுத்து, பிள்ளையின் துணியிலிருந்து கொஞ்சம் சேகரித்து, மூடி, நேரத்தை எழுதி ஒட்டினார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். “யாரு இவ்ளோ சுத்தமா எடுத்தது? வெளிப்பால் ஏதாவது குடுத்தீங்களா?”

செவ்வந்தி தரையைப் பார்த்தாள். நான் சொன்னேன். டாக்டரம்மா அவளைத் திட்டியதை முழுதாக எழுத இடம் போதாது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் பிள்ளை ஓங்கி அழுதது.

எல்லப்பன் எழுந்து குழாயடிக்குப் போனார். விரலிடுக்கு, நகக்கண், முழங்கை என்று சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காய நின்றார். பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். செவ்வந்தி அவசரமாக எழுந்து கையை நீட்டினாள்.

“முதல்ல நீ போய்க் கையக் கழுவிக்கினு வா” என்றேன்.