கருடன் வராத கோடை

நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் இந்நிகழ்ச்சியைப் பலரும் பலவாறு பெருக்கிச் சொல்லிவிட்டனர்; அவற்றையெல்லாம் சுமக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகள். புதுப்பட்டினத்துக்கு வடக்கே, கடலோரக் குப்பமொன்றில் எங்கள் வீடு. அந்தக் கோடையில் அப்பாவின் வலை பாறையில் சிக்கிக் கிழிந்தது. அன்று காலை கருடனைப் பார்க்காமல் கட்டுமரத்தைத் தள்ளியதே காரணம் என்று அவர் முடிவுசெய்தார். வலையைச் செப்பனிட்ட பின்னும், கருடன் கண்ணில் பட்டாலொழியக் கடலில் இறங்குவதில்லை என்று கரையில் உட்கார்ந்துவிட்டார். வானத்தைப் பார்க்கும் வேலை, பள்ளி விடுமுறையிலிருந்த எனக்கு.

காலைதோறும் சவுக்கு நிழலில் நின்று கண்டதையெல்லாம் அறிவித்தேன். நீலச் சிறகு விரித்த பனங்காடை. மணல்மேட்டு அடம்புப் பூக்களில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள். நின்ற இடத்திலேயே நடுங்கிய தும்பிகள். ஒவ்வொன்றுக்கும் அப்பா, “அது இல்ல கண்ணு” என்றார். குரலில் கோபமில்லை, அயர்வுதான்.

“இன்னா மச்சான், கருடனுக்குக் கடுதாசி போட்டுட்டு குந்திக்கினு கீறியா?” என்றார், அவரோடு கடலுக்குப் போகும் தாய்மாமன்.

அம்மா பொறுமையிழந்தாள். “நீ போனாத்தானே மீனு? மீனு காஞ்சாத்தானே அது வரும்? வெறும் மணலுக்கு இன்னாத்துக்கு வரும், உன் மூஞ்சியப் பாக்கவா?”

அப்பா கடல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை அம்மா, குழம்புக்கென்று பானையில் எஞ்சியிருந்த ஒரே வாளைக் கருவாட்டை எடுத்துவந்து, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் மணலில் வைத்தாள். மீன் காயும் நாள்களில் காக்கையையும் கருடனையும் ஒருசேர விரட்டுபவள், அன்று துடைப்பத்தோடு நின்று காக்கைகளை மட்டும் விரட்டினாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

நெடுநேரத்துக்குப் பின், வெண்தலையும் செம்பழுப்புச் சிறகுமாக அது சரிந்திறங்கி, கருவாட்டைக் காலால் பற்றிக்கொண்டு அப்பாவின் தலைக்கு மேலாகக் கடல்பக்கம் போனது.

“நைனா, கருடன்!”

அப்பா எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமனும் அவரும் கட்டுமரத்தைத் தள்ளினார்கள். காலில் அலை பட்டதும் அப்பா திரும்பி அம்மாவைக் கேட்டார்: “இன்னிக்குக் கொழம்புல இன்னாத்தப் போடுவ?”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். கருடன் வந்துவிட்ட வேளையில் குழம்பைப் பற்றி என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அன்று என்ன மீன் பட்டது என்பது நினைவில்லை. அம்மா கருவாட்டை வைத்தபோதே அவர் பார்த்துவிட்டாரா, பறவையின் காலில் கண்டபோதுதான் அறிந்தாரா என்பது எனக்குத் தெரியாது. அறிந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டது யாரை நோக்கி என்பதும் தெரியாது.