தேன் நிறத்தில் வடிந்த ஆயில்

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு சிங்கவரத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். என் மனைவியின் அண்ணன் சென்னையிலிருந்து தரையை ஒட்டினாற்போன்ற ஸ்போர்ட்ஸ் காரில் வந்திருந்தார். "டிராக்டருக்கு நீதானே ஆயில் மாத்துற, இதுக்கும் மாத்திடு மாப்ள. சாயங்காலம் கிளம்பணும்" என்றார்.

பலகை மேல் காரை ஏற்றி, சக்கரங்களுக்கு நாலு கல் வைத்தேன். "கோட்டை மலை உருண்டாலும் இது உருளாது" என்று மச்சான் சிரித்தார். அடியில் தலையைத் திருப்பக்கூட இடமில்லை. கையால் தடவி, அகப்பட்ட நட்டைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினில் புது ஆயில் ஊற்றினேன்.

மச்சான் சாவியைப் போட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. டிராக்டரில் மை மாதிரி கறுப்பாக வடியும். இது தேன் மாதிரி இருந்ததே. "கொஞ்சம் இருங்க மச்சான்" என்றேன்.

"இதுக்கு இன்னா டென்ஷன் உனக்கு?" என்றாள் மனைவி.

இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினால், பழைய ஆயிலும் புதுசும் கலந்து குறியைத் தாண்டிக் கறுப்பாக நின்றது. நான் வடித்தது கியர் பெட்டி ஆயில். அப்படியே கிளம்பியிருந்தால் திண்டிவனம் போவதற்குள் கியர் பெட்டி போயிருக்கும். மச்சான் பஸ்ஸில்தான் ஊருக்குப் போனார்.

நாலு கல் வைத்த நான், எந்த நட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிக்காதவன் என்று நினைப்பாரோ என்ற பயம். இப்போது பழகாத வண்டி என்றால், அதன் இங்கிலீஷ் புத்தகத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். பிறகுதான் கல் வைக்கிறேன்.